தூக்குடா அந்த டாமினோவை!

ஆள் பார்க்க அம்சமா இருப்பான். மை மாதிரி கறுப்பு உடம்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, ரெண்டு பக்கமும் முதுகை ஒட்டி ஆளுக்கொரு பொட்டு. சைஸ், வாங்கும்போது ரெண்டு ரூபாய் நாணயம் அளவு. கடல் மீன்களிலேயே விலை கம்மியான ரகம். பேர் டாமினோ. "புதுசா டேங்க் வைக்கிறீங்களா? முதல்ல இதைப் போடுங்க, எதையும் தாங்கும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுப்பார்கள். சொல்வது உண்மைதான், எதையும் தாங்கும். கூட இருக்கும் மற்ற மீன்களால்தான் இதைத் தாங்க முடியாது!

இந்த வாரம் நம்ம பக்கத்தில் ஒரு மீன் வேட்டை. நடந்த இடம் பழவேற்காடு ஏரியோ காசிமேடோ இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை வீட்டு ஹால். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே சுமார் 250 லிட்டர் உப்புத் தண்ணீர். அதற்குள் விரல் நீளமே இருக்கும் ஒரே ஒரு மீனைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான் மேட்டர். ஆனது பத்து நாள்!

தொட்டியின் ஓனர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். பம்ப், வால்வு, பைப்லைன் என்று நாள் முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் பம்ப், பைப் என்று உட்கார்ந்திருப்பார். "அங்க ஓடுறது கம்பெனிக்கு, இங்க ஓடுறது எனக்கு" என்பார். ஆள் மேல் மரியாதை வந்த இடம் அது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகிவிடட்டும். இந்த மாதிரித் தொட்டிக்கு 'ரீஃப் டேங்க்' என்று பேர். பவளப்பாறை மாதிரியே உள்ளே செட் போடுவார்கள். ஆனால், நம்ம ஊரில் நிஜப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது, விற்பது எல்லாம் குற்றம். 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-ல் பவளங்களைப் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரையையும் அப்போது அதே லிஸ்ட்டில் சேர்த்தார்கள். யாராவது 'ஒரிஜினல் ராமேஸ்வரம் பாறை' என்று நீட்டினால் ஓடி வந்துவிடுங்கள். அண்ணன் தொட்டியில் இருப்பது சுட்ட களிமண்ணில் செய்த ஓட்டைப் பாறைகள். பார்க்க அசல் மாதிரியே குகை, சந்து, பொந்து எல்லாம் உண்டு. அந்தப் பொந்துகள்தான் இந்தக் கதையின் வில்லனுக்குக் கோட்டை.

இன்னொரு கேள்வியும் வரும். இப்படி ஒரு ரவுடியை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அது மீனுக்கு விஷம். அதைச் சாப்பிட்டு நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. இந்தக் கூட்டம் பாறையிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவை யார் சப்ளை பண்ணுவது? 'சாகாத மீன் ஒன்றைப் போட்டுவிடு' என்பது பழைய வழக்கம். அந்தச் சாகாத மீன்தான் டாம்செல் குடும்பம். டாமினோ அதில் ஒருத்தன். உண்மையில் இதற்கு மீனே தேவையில்லை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டாலே போதும், அம்மோனியா தானாக வரும். ஆனால், ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் அழுகிய இறாலையும் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? அண்ணனுக்கும் இல்லை.

விஷத் தண்ணீரிலும் தாக்குப்பிடித்த டாமினோ என்ன நினைக்கும்? 'இது என் வீடு'! டாம்செல்கள் இயல்பிலேயே எல்லை போட்டு வாழ்கிறவை. கடலில் குட்டியாக இருக்கும்போது கடல் சாமந்தியின் விரல்களுக்குள் கும்பலாகத் திரியும். வளர்ந்தால் பதினாலு சென்டிமீட்டர் வரைகூடப் போகும். போகப் போக அந்த அழகுப் பொட்டும் மங்கிவிடும். குணம் மட்டும் மங்காது. கோபம் வந்தால் 'டக் டக்' என்று சத்தம்கூடக் கொடுக்கும். ஹாஸ்டலில் நமக்கு முன்னாடியே வந்து ஜன்னல் ஓரக் கட்டிலைப் பிடித்துவிட்ட சீனியரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கேரக்டர்.

அண்ணன் வீட்டில் முதலில் பலியானது ஒரு நெருப்புக் கோபி. சாது. துரத்தித் துரத்தியே முடித்துவிட்டது. அடுத்து, 2003-ல் வந்த படத்தால் உலகம் முழுக்க ஃபேமஸ் ஆன நீமோ ஜோடி. ஒன்றின் வால் கிழிந்தது. இன்னொன்று ஃபில்டர் பைப்புக்குப் பின்னாலேயே குடித்தனம் நடத்தியது, சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. "இன்னும் ஒரு வாரம் விட்டா இதுவும் போயிடும் தம்பி" என்றார் அண்ணன். அண்ணி சொன்னது வேறு: "அதுங்க செத்தா தொட்டியையே தூக்கிடுவேன்."

ஆக, டாமினோ வெளியேறுவதா, தொட்டியே வெளியேறுவதா என்ற நிலைமை.

வலை வீசம்மா வலை வீசு

எல்லாரும் முதலில் செய்வது கை வலையை எடுத்துத் துழாவுவது. ப்ளீஸ், பண்ணாதீங்க! மீனுக்கு உடம்பின் ரெண்டு பக்கமும் தண்ணீரின் அசைவை உணரும் ஒரு கோடு உண்டு. வலை ஒரு ஜாண் தூரத்தில் வரும்போதே அதற்குத் தந்தி போய்விடும். நம்ம கை பாறையை இடிக்கும், பாறை சரியும், மணல் கலங்கும், பயந்துபோய் ஒளிவது எல்லாமே மற்ற மீன்கள்தான். டாமினோ பாறைக்கு அந்தப் பக்கம் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வலை வேண்டும் என்றால் ரெண்டு வலை வேண்டும். ஒன்றை மூலையில் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றால் மெதுவாக அந்தப் பக்கம் ஓட்ட வேண்டும். கலைக்கிற வலை ஒன்று, பிடிக்கிற வலை ஒன்று. வெறும் தொட்டியில் இது வேலை செய்யும். பொந்தும் சந்துமாகப் பாறை இருக்கும் தொட்டியில் டாமினோவுக்கு ஆயிரம் வழி.

அதைவிட முக்கியமான விஷயம், ஒருமுறை வலையைப் பார்த்துவிட்ட மீன் அப்புறம் வலையை மட்டும் இல்லை, வலை பிடித்த ஆளையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மீனுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. கழிமுகத் தண்ணீரில் வாழும் 'ஆர்ச்சர்' என்ற மீன் வாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும். அதற்கு மனித முகங்களின் படத்தைக் காட்டி, பழகிய முகத்தின் மேல் மட்டும் தண்ணீர் பீய்ச்சும்படி பழக்கி, அது முகம் பிரித்தறிகிறது என்று 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கும்மிடிப்பூண்டி டாமினோவுக்கும் அந்த அறிவு இருந்தது என்றே நினைக்கிறேன். அண்ணன் ஹாலுக்குள் நுழைந்தாலே பொந்துக்குள் ஓடிவிடும். அண்ணி வந்தால் கண்ணாடியை முட்டிக்கொண்டு நிற்கும். தினமும் இறால் நறுக்கிப் போடுவது அண்ணி.

பாட்டில் பொறி

அடுத்தது பாட்டில். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகத் திருப்பி, உடம்புப் பகுதிக்குள் செருகுங்கள். புனல் மாதிரி ஒரு வாய் கிடைக்கும். சூடு பண்ணின ஊசியால் சுற்றிலும் ஓட்டை போட்டால் தண்ணீர் உள்ளே புழங்கும், சாப்பாட்டு வாசனையும் வெளியே வரும். உள்ளே இறால் துண்டு. மீன் அகலமான வாய் வழியாக உள்ளே வரும். வெளியே போகும்போது பக்கவாட்டுச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றித் தேடும். நடுவில் இருக்கும் சின்ன ஓட்டை கண்ணில் படாது. "நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரி தம்பி" என்றார் அண்ணன். பர்ஃபெக்ட்!

இந்த ஐடியாவுக்கு நாம் பேட்டன்ட் கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில், கீழக்கரை, மண்டபம் பக்கத்து மீனவர்கள் பாறை மீன் பிடிக்கக் குச்சிகளைப் பின்னிக் 'கூடு' செய்து கடலுக்குள் இறக்குவார்கள். பாறை நிறைந்த இடத்தில் வலை போட்டால் வலைதான் கிழியும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்தக் கூட்டின் வாயும் இதே மாதிரி உள்பக்கம் குறுகும் புனல்தான். களவா, கிளி மீன், ஓரா எல்லாம் இதில் மாட்டும். நாம் ஹாலில் உட்கார்ந்து பெப்சி பாட்டிலை வெட்டிக் கண்டுபிடித்ததை அவர்கள் குச்சியில் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.

பொறி வைத்த அன்றே மீன் மாட்டும் என்று நினைக்கக் கூடாது. புதுப் பொருள் எதைப் பார்த்தாலும் மீன் சந்தேகப்படும். மூணு நாலு நாள் பாட்டிலுக்குள் மட்டுமே சாப்பாடு போட்டுப் பழக்க வேண்டும். அண்ணனும் அப்படித்தான் செய்தார். முதல் நாள் மாட்டியது, வால் கிழிந்த நீமோ. ரெண்டாவது நாள் அதே நீமோ. மூணாவது நாள் ஒரு சந்நியாசி நண்டு. நாலாவது நாள் டாமினோ வந்தது. வாசலில் நின்றது. தலையை மட்டும் நீட்டி ஒரு துண்டைக் கவ்வி, பின்னாலேயே போய்விட்டது. ஓசிச் சாப்பாடு!

கண்ணாடிக் கதவு

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் உள்ளே வருகிறது. செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

அண்ணன் அடுத்து ஒரு பெட்டி செய்தார். வேஸ்ட் அக்ரிலிக் ஷீட்டில் ஒரு அடி நீளப் பெட்டி. ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறப்பில் மேலிருந்து கீழே விழும் மாதிரி ஒரு கதவு. கதவைத் தூக்கிப் பிடிக்கத் தூண்டில் நரம்பு. நரம்பின் மறுமுனை எட்டடி தள்ளி சோபாவில். மீன் உள்ளே போனதும் நரம்பை விட்டால் கதவு விழும். சிம்பிள். அஞ்சாவது நாள் டாமினோ உள்ளே போனது. அண்ணன் நரம்பை விட்டார். கதவு... அரச இலை விழுகிற மாதிரி ஆடி அசைந்து, நிதானமாக இறங்கியது. டாமினோ நடுவழியில் அதைத் தாண்டிப் போய்விட்டது.

காரணம், அடர்த்தி. அக்ரிலிக்கின் அடர்த்தி 1.18. கடல் தண்ணீருடையது 1.025. ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்குப்படி, தண்ணீருக்குள் அந்தக் கதவுக்கு மிச்சம் இருப்பது அதன் எடையில் 13 சதவீதம்தான். நூறு கிராம் கதவு உள்ளே போனால் வெறும் 13 கிராம். இதில் தண்ணீரின் தடை வேறு. மீன் சிரிக்காமல் என்ன செய்யும்?

கதவில் ஒரு நட்டைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. இரும்பு துருப்பிடிக்கும். பித்தளை இன்னும் மோசம், அதில் தாமிரம் இருக்கிறது. தாமிரம் கொஞ்சம் கரைந்தாலே இறால், நண்டு மாதிரி முதுகெலும்பில்லாத ஜீவன்கள் காலி. அப்போதுதான் நான் சொன்னேன், "கண்ணாடி போடுங்கண்ணா." கண்ணாடியின் அடர்த்தி 2.5. தண்ணீருக்குள்ளும் எடையில் 59 சதவீதம் மிஞ்சும். உடைந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கிக் கதவு மாட்டினார். வெளியே சோதனை, உள்ளே சோதனை, விட்ட நொடியில் 'டொக்'.

ஆனால், டாமினோ ஒருமுறை சூடு பட்டுவிட்டதே! பெட்டியைக் கண்டாலே ஒதுங்கியது. மறுபடி மூணு நாள் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு. ஒன்பதாவது நாள் முழுப் பட்டினி. கொடுமை என்று நினைக்க வேண்டாம், ஒரு நாள் சாப்பிடாததால் ஆரோக்கியமான மீனுக்கு ஒன்றும் ஆகாது. பத்தாவது நாள் காலை, அண்ணன் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே, அண்ணி இறாலைப் பெட்டிக்குள் போட்டார். சோபாவில் உட்கார்ந்தார். ஒரு கையில் காபி டம்ளர், ஒரு கையில் நரம்பு. டாமினோ, பழகிய முகம் என்று நம்பி உள்ளே போனது.

டொக்!

அண்ணன் வந்து பார்த்தபோது டாமினோ பெட்டிக்குள் இருந்தது. அண்ணி குளிக்கப் போயிருந்தார்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா மீனும் டாமினோ இல்லையே. பெரும்பாலான பகல் மீன்கள் ராத்திரி ஒரே பொந்தில்தான் தூங்கும். எந்தப் பொந்து என்று நாலு நாள் நோட்டம் விட்டு, லைட்டை அணைத்து ரெண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் ஒட்டிக்கொண்டு போங்கள். நிறைய பாறை மீன்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. தூங்கும் பாறையையே மெதுவாகத் தூக்கி வாளிக்கு மேல் பிடித்தால் மீன் தானாகத் தண்ணீருக்குள் விழும். சில மீன்கள் ராத்திரி மணலுக்குள் புதைந்து தூங்கும், அவற்றிடம் இது நடக்காது. முள்ளில் விஷம் உள்ள ஓரா, லயன்ஃபிஷ் மாதிரி ஆட்கள் என்றால் கையை உள்ளே விடவே விடாதீர்கள்.

குட்டித் தூண்டில் முள்ளின் கொக்கியை நசுக்கிவிட்டுப் பிடிக்கிறவர்களும் உண்டு. வேலை செய்யும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசி அஸ்திரம், தண்ணீரை வாளி வாளியாக வெளியே எடுத்து, பாறை மொத்தத்தையும் இறக்கி, நாலு விரற்கடைத் தண்ணீரில் மீனைப் பிடிப்பது. நிச்சயம் மாட்டும். ஆனால், அடி மணலில் தேங்கிய அழுக்கெல்லாம் கிளம்பி, ஒரு மீனைப் பிடிக்கப் போய் எல்லா மீனையும் இழக்க நேரலாம். நம்ம ஊர் கரன்ட் கட்டும் அந்த நேரம் பார்த்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு கஷ்டம் இருப்பதால்தான் கடலில் ஒரு பெரிய அக்கிரமமே நடந்தது. பவளப்பாறைப் பொந்தில் ஒளியும் அழகு மீன்களைப் பிடிக்க, 1960-களில் ஃபிலிப்பைன்ஸில் சயனைடு கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு மூழ்கி, பொந்துக்குள் பீய்ச்சினார்கள். மீன் மயங்கி வெளியே வரும், அள்ளிக்கொள்ளலாம். நிறைய மீன் வழியிலேயே சாகும், சுற்றி இருக்கும் பவளமும் சாகும். எல்லாம் எங்கேயோ ஒரு ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்காக. நம்ம ஊர் நல்ல சேதி ஒன்று உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், நீமோ வகைகளையும் நம்ம டாமினோ உள்பட சில டாம்செல்களையும் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கினால் அப்படி வளர்த்த மீனாகப் பார்த்து வாங்கலாம். கடையில் கேட்டுப் பாருங்கள், கேட்கக் கேட்கத்தான் கடைக்காரரும் விசாரிப்பார்.

பிடிச்சாச்சு, எங்கே விடுவது?

வாளியில் டாமினோ. மூடி போட்டு (குதித்துவிடும்), பேட்டரி ஏர் பம்ப் போட்டு வைத்திருக்கிறோம். தெருவே கூடி யோசனை சொன்னது. "பொன்னேரி வழியா போனா பழவேற்காடு. கடல் மீன்தானே, விட்டுட்டு வந்துடு. புண்ணியம்" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அண்ணனுக்கும் முதல்முறையாகக் கருத்து வேறுபாடு வந்தது இங்கேதான். அவர் பைக் சாவியை எடுத்துவிட்டார்.

நான் சொன்னது இது. பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். பவளப்பாறை கிடையாது. பாறை மீனான டாமினோ அங்கே எத்தனை நாள் இருக்கும்? சரி, ஏரியை விட்டுக் கடலிலேயே விட்டால்? அண்ணன் தொட்டியில் எந்தெந்த நாட்டு மீனோ வந்து போயிருக்கிறது. அவற்றின் ஒட்டுண்ணியும் நோய்க் கிருமியும் இதோடு சேர்ந்து போகும். செத்தால் மீனுக்கு நஷ்டம். சாகாமல் பிழைத்தால் யாருக்கு நஷ்டம் என்பதற்குத்தான் உதாரணம் நிறைய இருக்கிறது.

லயன்ஃபிஷ் நம்ம பக்கத்துக் கடல் மீன். இந்தியப் பெருங்கடலும் பசிஃபிக்கும் அதன் சொந்த ஊர். 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனவைதான் ஆரம்பம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அங்கே அதைத் தின்னப் பழகிய எதிரி இல்லை. ஒரு பெண் மீன் வருடத்துக்கு இருபது லட்சம் முட்டைவரை இடும். இன்றைக்குக் கரீபியன் கடல் முழுக்க அதுதான். போட்டி வைத்து, பரிசு கொடுத்து, ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். சமைத்துச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்கிறார்கள். தீரவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? ஜிலேபி மீன் தெரியுமா? மார்க்கெட்டில் சீப்பாகக் கிடைக்குமே, அதேதான். ஆப்பிரிக்காக்காரர். 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் ரெண்டிலும் தாக்குப்பிடிக்கும். இப்போது அது இல்லாத குளம் குட்டையைக் காட்டினால் சொல்லுங்கள். தொட்டிக் கண்ணாடியில் பாசி தின்ன வாங்கும் 'டேங்க் கிளீனர்' இன்னொன்று. ஒரு ஜாணுக்கு மேல் வளர்ந்ததும் யாரோ ஏரியில் கொட்டிவிடுகிறார்கள். அதன் உடம்பு முழுக்கக் கவசம், வலையைக் கிழிக்கும், சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் கதை இதைவிடக் கசப்பு. அது மீன் இல்லை, சிப்பி. 'காக்கா ஆழி' என்கிறார்கள் எண்ணூர் மீனவர்கள். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கடலோரங்களைச் சேர்ந்தது. கப்பல்கள் எடை சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் கடல் தண்ணீரை நிரப்பி இன்னொரு துறைமுகத்தில் கொட்டுமே, அந்தத் தண்ணீரில் லார்வாவாக வந்திருக்கலாம் என்பது சந்தேகம். சமீப வருடங்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் ஆரம்பித்து, கொசஸ்தலை ஆற்றின் அடியில் ஜமுக்காளம் விரித்த மாதிரி படர்ந்து, பழவேற்காடு வரை வந்துவிட்டது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் யார் தெரியுமா? இருளர்கள். இந்தத் தண்ணீரில் அவர்கள் இறால் பிடிக்க வலையும் வேண்டாம், பொறியும் வேண்டாம். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவியே பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. ரெண்டு கையும் வேலையாக இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பெண்கள்தான் இதில் அதிகம். இறால் பதுங்கச் சேறு வேண்டும். சேற்றுக்கு மேல் சிப்பி மூடிவிட்டால் இறால் எங்கே போகும்? தடவும் கைக்குச் சிப்பியின் விளிம்பு கிடைத்தால் கை கிழியும். 250 லிட்டரில் ஒரு மீனைப் பிடிக்க நமக்குப் பத்து நாள், பாட்டில், பெட்டி, கண்ணாடிக் கதவு, அண்ணி எல்லாம் தேவைப்பட்டது. ஆற்றின் அடியில் மைல் கணக்கில் படர்ந்ததை எந்தப் பெட்டி வைத்துப் பிடிப்பது?

அண்ணன் பைக் சாவியை ஆணியில் மாட்டினார்.

டாமினோவுக்கு மூணு வழிதான் இருந்தது. தனித் தொட்டி வைத்துக் காலம் முழுக்கத் தனிக்குடித்தனம், அல்லது இதே மாதிரி முரட்டு மீன்களாக வைத்திருக்கும் யாராவது ஒருத்தர், அல்லது கடைக்கே ரிட்டர்ன். கொல்வதைப் பற்றியும் பேசினோம். கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் மயங்கவிட்டு முடிப்பதுதான் வலி குறைந்த வழி, டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் பண்ணுவது இல்லை. அண்ணி ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தார்: "நம்பித்தான் உள்ளே வந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை, தடிமனான பாலிதீன் கவரில் மூணில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, அதைச் சுற்றித் தினத்தாள், அதைச் சுற்றித் துணிப்பை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்து கொளத்தூர். அலங்கார மீன் என்றால் நம்ம மாநிலத்துக்கே அதுதான் கோயம்பேடு. ரெண்டு கடையில் "டாம்செலா? வேணாம் பாஸ், எங்ககிட்டயே நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். மூணாவது கடைக்காரர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லா சாப்பிட்டு வளர்ந்திருக்கே" என்றார். பணம் கிடையாது, பதிலுக்கு ஒரு பாக்கெட் மீன் தீனி. டீல்.

கவரைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரைக் கலந்து, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டார். டாமினோ ஒரு சுற்று சுற்றியது. மூலையில் இருந்த ஒரே பாறையைப் பார்த்தது. அதில் ஏற்கெனவே இருந்த ரெண்டு மீன்கள் அடுத்த நிமிஷமே பாறையைக் காலி செய்தன.

நாங்கள் கிளம்பும்போது, தோளில் காலேஜ் பேக் மாட்டிய ஒரு பையன் அந்தத் தொட்டி முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, புதுசா மரைன் டேங்க் வைக்கிறேன். முதல்ல எதைப் போடலாம்?"

அண்ணன் துணிப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அவன் பக்கமாகத் திரும்பினார். "தம்பி, டீ சாப்பிடுறியா? ஒரு பத்து நிமிஷம் பேசணும்."